பத்தொன்பது தடவை

முதல் கல் கடையின் முன்கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் மூக்கனின் தோளைத் தேடி வந்து, விலாசம் தப்பாமல் சேர்ந்தது.

"கொலைகாரன் கடை! இழுத்து மூடுங்கடா!"

வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள், சட்டையை ஒழுங்காகப் பேன்ட்டுக்குள் செருகியவர்கள். ஒருவர் வங்கி மேலாளர். கையில் பழைய ரஷ்ய வாட்சும், அதே கையில் கருங்கல்லும் வைத்திருக்கும் வங்கி மேலாளரை மூக்கன் அன்றுதான் முதல்முறை பார்த்தான்.

ஊரின் ரஷ்ய வாட்ச் சங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. சோவியத் காலத்துப் பழைய வாட்ச்தான் வாட்ச், இன்று அங்கே செய்வதெல்லாம் பொம்மை என்பது பெரிய கட்சி. புதியதும் நல்ல வாட்ச்தான் என்பது சிறிய கட்சி. சிறிய கட்சியில் மொத்தம் ஓர் ஆள். அது மூக்கனின் அண்ணன். ஊரிலேயே புது ரஷ்ய வாட்ச் விற்கிற ஒரே கடை அவருடையது. நேற்று, வெள்ளிக்கிழமை காலை, பெரிய கட்சியின் செயலாளர் தன் வேலையறையில் மண்டை பிளந்து கிடந்தார். மதியத்துக்குள் அண்ணன் லாக்கப்பில் இருந்தார்.

மூக்கன் எட்டு வருஷம் குத்துச்சண்டை போட்டவன். மூக்கு மூன்று தடவை உடைந்து, நாலாவது தடவைக்கு இடமில்லாமல் படுத்துவிட்டது. உடைந்த கண்ணாடியைத் தாண்டி வெளியே குதித்தான். முதல் ஆளின் வயிற்றில் ஒன்று. அந்த ஆள் மடங்கி, காலையில் சாப்பிட்டதை நடைபாதைக்குக் காட்டினார். இரண்டாவது ஆள் இரும்புக் கம்பியை ஓங்கினார். மூக்கன் உள்ளே நுழைந்து தாடையில் கொடுத்தான். பல் ஒன்று தெறித்துச் சாக்கடை மூடியில் 'டிங்' என்று விழுந்தது.

"மேனேஜர் சார்," என்றது கடைக்குள்ளிருந்து ஒரு குரல். "மணி என்ன ஆச்சு?"

வங்கி மேலாளர் கல்லை ஓங்கியபடியே, பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். மூக்கனுக்கு அந்த அரை விநாடி போதும்.

அண்ணி கண்ணாடிச் சில்லுகள் மேல் கால் வைக்காமல் நடந்து வந்தாள். இருபது வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் தீ விபத்து, திருட்டு என்று உண்மை பொய் பார்த்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். மூக்கன் அவளுக்கு உதவி. வீட்டில் மூக்கு எனக்கு, மோப்பம் அண்ணிக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

"அடிச்சது போதும் தம்பி. மணி பதினொண்ணரை. நாலு மணிக்கு உன் அண்ணனை மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துறாங்க. அதுக்குள்ள 'நான்தான் கொன்னேன்'னு கையெழுத்து வாங்கணும்னு அங்க அடிக்கிறாங்க. இங்க நீ அடிக்கிறே. நான் மட்டும்தான் சும்மா இருக்கேன்."

"நீங்களும் வேணா ஒண்ணு குடுங்க அண்ணி. மேனேஜர் இன்னும் மயங்கல."

கல்லாவுக்குப் பின்னால் அண்ணன் தன் கையெழுத்தில் எழுதி மாட்டியிருந்த அட்டை மட்டும் தப்பியிருந்தது: 'சாவி ஆடினால் பயப்பட வேண்டாம். அது அப்படித்தான்.' வாட்சின் பக்கவாட்டில் திருகுகிற சாவி, அந்த ரஷ்ய வாட்சுகளில் தளர்த்தினால் லொடலொட என்று ஆடும். அடி பட்டாலும் உள்ளே உடையாமலிருக்க அப்படிச் செய்கிறார்கள். தெரியாதவர்கள் வாங்கிய மறுநாளே கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அண்ணி மேசை டிராயரில் உத்தரவாதச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றில் விரல் நின்றது. வாங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அவள் அதை மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"என்ன அது?"

"அப்புறம் சொல்றேன். வண்டியை எடு."

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அறைக்கும் லாக்கப்புக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் லத்தி விழுகிற சத்தம் கேட்டது. மூக்கன் எண்ணினான். ஏழு. எட்டு. எட்டாவதுக்கு அண்ணன் முனகினார். மூக்கனின் விரல்கள் முஷ்டியாக மடங்கியதைப் பார்த்து அண்ணி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னம்மா செய்யறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "செத்தவர் கைக்குள்ள கிடைச்ச புது வாட்சை யாருக்கு வித்தேன்னு கேட்டா, 'வாடிக்கையாளர் விஷயம், சொல்ல மாட்டேன்'கிறார். இந்த வாயை வச்சுக்கிட்டு இவர் கடை நடத்தினதே பெரிய விஷயம்."

மேசைமேல் இரண்டு பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் புது ரஷ்ய வாட்ச், வார் அறுந்தது. இன்னொன்றில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ரஷ்ய வாட்ச், வார் முழுசாக, ரத்தம் காய்ந்து கறுத்து.

செத்துப்போன செயலாளருக்குப் பெயர் சிக்னல். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சங்கத்தில் யார் பழைய வாட்ச் வாங்கினாலும் முதலில் அவரிடம் காட்டுவார்கள். மூடியைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, அசல் என்றால் சீட்டில் பச்சை மையால் ஒரு டிக் போடுவார். அந்தப் பச்சை டிக்குக்கு மேல் அப்பீல் கிடையாது.

"நடந்தது இதுதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "காலை எட்டு மணிக்கு வாக்குவாதம். மேசைல இருந்த வைஸ், வாட்சைக் கவ்விப் பிடிக்கிற சின்ன இரும்புக் கருவி, அதைத் தூக்கி நாலு அடி. மண்டை ஓடு உள்ளே போயிடுச்சு. சாகும்போது கொலைகாரன் கையிலிருந்து வாட்சைப் பிடுங்கி மூடிக்கிட்டார். அதைத் திருப்பி எடுக்க ரெண்டு விரலை ஒடிச்சிருக்கான். அப்பவும் கை திறக்கல. புது வாட்ச். ஊருல புதுசு வித்தவர் ஒருத்தர். புதுசு பிடிக்காத பெரியவரோட போன மாசக் கூட்டத்துல சத்தம் போட்டுச் சண்டை பிடிச்சவரும் அதே ஒருத்தர்."

"புதுசு அவரோடதா இருக்கக்கூடாதா?"

"அவர் கைல பழசு கட்டியிருந்ததேம்மா. ஒரு கைல ரெண்டு வாட்சா கட்டுவார்? முப்பது வருஷமா அந்தப் பழசை அவர் குளிக்கக்கூடக் கழட்டினதில்லைன்னு கேப்டனே வாக்குமூலம் குடுத்திருக்கார். பொணத்தை முதல்ல பாத்ததும் அவர்தான்."

கேப்டன் என்பவர் சங்கத் தலைவர். பழைய ரஷ்ய வாட்ச் வியாபாரி. குளத்தில்கூட இறங்காதவர். நீர்மூழ்கிக் கப்பல்காரர்களுக்காகச் செய்த வாட்ச் ஒன்றை எப்போதும் கட்டியிருப்பதால் அந்தப் பெயர்.

அண்ணி பழைய வாட்சை உறையோடு தூக்கிப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. மணி சரி. தேதி இருபத்துநாலு, அதுவும் சரி.

"கொஞ்சம் சாவியை இழுக்கட்டுமா? நீங்களே பிடிச்சுக்கங்க."

இன்ஸ்பெக்டர் உறை வழியாகவே சாவியை இழுத்தார். அது வெளியே வந்தபோது, உள்ளே ஒளிந்திருந்த மெல்லிய தண்டைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். மூக்கன் அண்ணியைப் பார்த்தான். அவள் முகம் அன்றைக்கு முதல்முறையாகத் தெளிந்தது.

"மேல தெறிச்ச ரத்தம் மேலதான் இருக்கணும், இன்ஸ்பெக்டர். சாவி உள்ளே இருக்கும்போது தண்டுமேல எப்படிப் படும்?"

"அதனால?"

"ரத்தம் வந்த பிறகு யாரோ இந்த வாட்சோட முள்ளைத் திருப்பியிருக்காங்க. மண்டை உடைஞ்சவர் மணி சரி பண்ணமாட்டார்." அவள் எழுந்தாள். "ஒரு மணி நேரம் அடியை நிறுத்துங்க. நீங்க எங்களோட வந்து ஜீப்பில உக்காருங்க. தம்பி பைல இருக்கிற போன் உங்க போனோட பேசிட்டே இருக்கும். உங்க காது மட்டும் எங்களோட உள்ளே வந்தாப் போதும்."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். அங்கே பதினொன்றாவது அடி விழுந்தது.

"நிறுத்துய்யா!" என்று கத்தினார்.

*

போகிற வழியில் மூக்கன் கேட்டான்: "மணி சரி பண்ணினவன் எவனா வேணா இருக்கலாமே அண்ணி? திருகத் தெரிஞ்சா போதும்."

"மணி சரி பண்ண எவனா வேணா போதும். தேதி சரி பண்ணப் போதாது. மத்த வாட்சுல சாவியை ஒரு படி இழுத்துத் திருகினாத் தேதி ஓடும். இதுல அந்த வசதியே இல்லை. முள்ளைப் பன்னெண்டு தாண்டவச்சா ஒரு தேதி மாறும். திரும்பப் பின்பக்கமா எட்டு மணி வரைக்கும் கொண்டுவந்து, மறுபடி பன்னெண்டு தாண்டவைக்கணும். ஒரு தேதிக்கு ஒரு தடவை. முன்னால, பின்னால, முன்னால, பின்னால."

"சட்டினி அரைக்கிற மாதிரி."

"கீழ ஒரு பொணத்தைப் போட்டுக்கிட்டு அரைச்சிருக்கான். சாதாரணக் கொலைகாரன் தேதியை விட்டுட்டு ஓடியிருப்பான். தேதி தப்பா ஒரு வாட்சை, செத்தவன் கைலகூடக் கட்ட மனசு வராதவன் எவனோ, அவன்தான் நம்ம ஆள். பழசைக் கழட்டினதே இல்லைன்னு வாக்குமூலம் குடுத்தவர்கிட்டேர்ந்து ஆரம்பிப்போம்."

கேப்டன் கடையில் சனிக்கிழமை மதியம் கூட்டமில்லை. சுவர் முழுக்கப் பழைய வாட்சுகள். நடுவே பித்தளையில் ஒரு கப்பல் கடிகாரம். அதன் கீழே கேப்டன். ஐம்பது வயது, தூண் மாதிரிக் கைகள், நகம் வெட்டிய சுத்தமான விரல்கள்.

"வாங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. உங்க வீட்டுக்காரர்மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை."

"எங்க கண்ணாடிமேல உங்க ஆளுங்களுக்கு இருந்தது," என்றான் மூக்கன். "ஒருத்தரோட பல் எங்க வாசல்ல இருக்கு. நேரமிருந்தா வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"வக்கீலுக்குக் குடுக்கணும்," என்றாள் அண்ணி. "இவரோட பழைய வாட்ச் ஒண்ணு இருக்கு. விக்கலாம்னு..." கைக்குட்டையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். மூக்கனுக்கு அது தெரியும். அண்ணன் வாலிபத்தில் கட்டியது. நின்றுபோய், தேதி ஒன்பதில் கிடந்தது.

கேப்டன் முகம் சுருங்கியது, யாரோ குழந்தையை மழையில் நிறுத்திவைத்த மாதிரி. வாட்சைக் கையில் எடுத்தார். சாவி கொடுத்தார். காதில் வைத்தார்.

"உயிர் இருக்கும்மா. இப்படிப் போட்டு வைக்கலாமா?" சாவியை இழுத்து முள்ளைத் திருப்ப ஆரம்பித்தார். முன்னால. பின்னால. "பாருங்க, இதுதான் வாட்ச். இப்ப அந்தப் பேரை ஒட்டிக்கிட்டு வருதே, அது ஆவி. அந்தத் தொழிற்சாலை எப்பவோ செத்துப்போச்சு. நாங்க காப்பாத்தி வைக்கிறதுதான் மிச்சம்."

"சிக்னல் சார் அப்படி நினைக்கலை போல," என்றாள் அண்ணி. "ஆறு."

"என்ன ஆறு?"

"ஆறு தேதி மாத்திட்டீங்க. எண்ணிட்டிருக்கேன். நாளைக்குக் கூட்டத்துல அவர் ஏதோ பேப்பர்ல எழுதிப் படிக்க இருந்தாராமே?"

"அது எனக்குத் தெரியாது." முள் நிற்கவில்லை. ஏழு. எட்டு.

அண்ணி கைப்பையைத் திறந்து, மடித்த சீட்டை மேசைமேல் விரித்தாள். உத்தரவாதச் சீட்டு. இந்த மாதம் நாலாம் தேதி. வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அதன் ஓரத்தில், எவ்வளவு மறைக்க நினைத்தாலும் பழக்கம் விடாத ஒரு கை, பச்சை மையில் ஒரு டிக் போட்டிருந்தது.

மூக்கனுக்கு இப்போதுதான் புரிந்தது. புது வாட்ச் கொலைகாரனுடையதே இல்லை. செத்தவருடையது!

"பெரிய கட்சியோட செயலாளர் புதுசு வாங்கிட்டார்," என்றாள் அண்ணி. "வெளியே சொல்லாதேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட வாக்கு வாங்கிக்கிட்டார். அந்த வாக்குக்குத்தான் அவர் நேத்துலேர்ந்து அடி வாங்குறார். சிக்னல் சார் ஏன் மாறினார்? பச்சை டிக் போட்ட பழசுகளைத் திரும்பத் திறந்து பாத்திருப்பார். ஒரு வாட்சுக்குள்ள மூணு வாட்சோட பாகம், மேல புதுசா அச்சடிச்ச முகப்பு. உங்க கடைச் சரக்கு. அப்படித்தானே?"

"கதை நல்லா சொல்றீங்க." பன்னிரண்டு. பதிமூன்று.

"நேத்துக் காலைல நீங்க போனீங்க. அவர் கைல புதுசு இருந்தது. பேசிப் பாத்தீங்க, வைஸைத் தூக்கினீங்க. அவர் தன்னோட வாட்சைத்தான் கைக்குள்ள மூடிக்கிட்டார். விரலை ஒடிச்சும் வரலை. சரி, புதுசு வேறொருத்தன்துன்னு ஆகட்டும்னு டிராயர்ல கிடந்த பழசை எடுத்தீங்க. நின்னுபோயிருந்தது. அதை அப்படியே கட்டிவிட உங்க கை ஒத்துக்கலை. நாலாம் தேதி கழட்டினது. சாவி குடுத்தா ஒண்ணரை நாள் ஓடும். அஞ்சுல நின்னிருக்கும். அஞ்சுலேர்ந்து இருபத்துமூணு வரைக்கும், ரத்தக் கையோட உக்காந்து, பதினெட்டுத் தடவை..."

"பத்தொன்பது."

கேப்டன் தலை நிமிராமல், மாணவனைத் திருத்துகிற குரலில் சொன்னார். "அன்னிக்கு அவர் சாவி குடுக்கலை. நாலுலயே நின்னிருந்தது. பத்தொன்பது."

முள் நின்றது. சுவரில் நூறு வாட்சுகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேப்டன்," என்றான் மூக்கன் மெதுவாக, "நீங்க இப்ப கரைதட்டிட்டீங்க."

கேப்டனின் கை மேசைக்கடியில் போனது. சுத்தியலோடு வந்தது. அண்ணியின் தலையைக் குறிவைத்து இறங்கியதை மூக்கன் இடது கையை நீட்டித் தடுத்தான். மணிக்கட்டில் காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். வலி அப்புறம்தான் வந்தது, கண்ணை வெள்ளையாக்கிக்கொண்டு. அவன் வலது கையால் கேப்டனின் வாயில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் கண்ணாடிப் பெட்டிமேல் தெறித்தது. கேப்டன் அசையவில்லை. தூண் கைகள் மூக்கனின் கழுத்தைப் பிடித்துப் பெட்டிமேல் சாய்த்தன. கண்ணாடி உடைந்து முதுகில் ஏறியது.

"ஒரு பொம்மையைக் கட்டிக்கிட்டு என் முகத்துக்கு நேரா சிரிச்சான்டா!" கேப்டனின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் மூக்கன் முகத்தில் சொட்டின. "முப்பது வருஷம்! நாலு அடி கம்மிடா அவனுக்கு!"

மூக்கனுக்கு மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. 'அண்ணி, இப்ப ஒண்ணு குடுக்கலாம்' என்று சொல்ல நினைத்தான். குரல் வரவில்லை.

சொல்லத் தேவையிருக்கவில்லை. சுவரிலிருந்த பித்தளைக் கப்பல் கடிகாரம் அண்ணியின் இரண்டு கைகளிலும் ஏறி, கேப்டனின் உச்சந்தலையில் இறங்கியது. ஒரு தடவை மணியடித்தது. கேப்டன் முழங்காலிட்டார். அவள் மறுபடி தூக்கினாள்.

"போதும்மா!" இன்ஸ்பெக்டர் கதவில் நின்றார், போன் காதிலிருந்து எடுக்காமலே. "எல்லாம் கேட்டுது. போதும்."

அண்ணி கடிகாரத்தைக் கீழே வைக்க அரை நிமிஷம் ஆனது.

*

மூன்றரை மணிக்கு அண்ணனை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. பாதம் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணி போய் அவர் கைக்கடியில் தோளைக் கொடுத்தாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணே," என்றான் மூக்கன். அவன் இடது கை அட்டையில் வைத்துக் கட்டியிருந்தது. "செத்தவருக்குக் குடுத்த வாக்கு இனிமே யாருக்கு?"

"'ஞாயித்துக்கிழமை நானே எல்லார் முன்னாலயும் சொல்றேன், அதுவரைக்கும் சொல்லாதே'ன்னு சிக்னல் சார் கேட்டுக்கிட்டார். இன்னும் ஞாயித்துக்கிழமை வரலையே."

"பேப்பரைக் கேப்டன் எரிச்சுட்டானாம்," என்றாள் அண்ணி.

"என்கிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டினார். கடைசி வரி ஞாபகமிருக்கு. 'பழையதை வாங்கும்போது செத்த தொழிற்சாலைக்குக் கல்லறை கட்டுகிறோம். புதியதை வாங்கினால் அங்கே இன்றைக்கு வேலைக்குப் போகிற ஒருத்தருக்கு நாளைக்கும் வேலை இருக்கும்.' நாளைக்குக் கூட்டத்துல அதை நான் சொல்லணும்."

"உங்களால நிக்கவே முடியலை."

"உக்காந்து சொல்றேன்."

ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கன் கேட்டான்: "அண்ணி, அந்த அஞ்சு. தெரிஞ்சேதானே தப்பாச் சொன்னீங்க? அவனைத் திருத்த வைக்க?"

அவள் அண்ணனை மெதுவாக ஜீப்பில் ஏற்றினாள்.

"இல்லை தம்பி. நிஜமாவே அஞ்சுன்னுதான் கணக்குப் போட்டேன். அன்னிக்கு சாவி குடுக்காம விட்டிருப்பார்னு எனக்குத் தோணவே இல்லை."

மூக்கன் அவளையே பார்த்தான். "அப்ப கணக்கு சரியா இருந்திருந்தா?"

"அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். உன் அண்ணன் நாலு மணிக்கு ஜெயிலுக்குப் போயிருப்பார்."

மூக்கன் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணே, எனக்கு ஒரு வாட்ச் வேணும். புதுசு."

"எந்தக் கைல கட்டுவே?"

"மிச்சமிருக்கிற கைல."

அண்ணனின் திறந்திருந்த ஒற்றைக் கண் அவன்மேல் வந்து நின்றது. கிழிந்த உதடு சிரிக்கப் பார்த்து, வலித்து, பாதியில் விட்டது.

"சாவி ஆடும்டா. மறுநாளே தூக்கிட்டு வந்துடாதே."